காணாமற்போன கோப்புகள் திரும்பி வருவது தொடர்பாக

மதிப்புக்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நேரில் விசாரித்து உறுதி செய்யாத எதையும் நான் எழுத்தில் கொடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் நலம், உங்கள் தங்கை நலம் என்று அவளே சொல்கிறாள், என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். கண் அறுவை சிகிச்சைக்காக இங்கே வந்து எங்களுடன் தங்கப்போவதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கவரின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. நீங்கள் சரியாக ஒட்டவில்லையா, வழியில் யாராவது கை வைத்தார்களா என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவிக்கவும். தாராளமாக வாருங்கள். பின்னறை உங்களுக்குத்தான். அதில் என் காகிதங்கள் கொஞ்சம் கிடந்தன. உங்கள் தங்கை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்து, ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் பண்ணிவிட்டாள். அந்த அறையின் மேசை மட்டும் போன வாரத்திலிருந்து திடீரென்று ஆட ஆரம்பித்திருக்கிறது. இத்தனை காலம் ஆடாத மேசை இப்போது ஏன் ஆட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தணிக்கைத் துறையில் ஆயுசு முழுக்க ஊரார் கணக்கைச் சந்தேகப்பட்டே ஓய்வு பெற்றவர் நீங்கள். எனக்கு இப்போது அப்படி ஒரு மூளை தேவைப்படுகிறது. என் அலுவலகத்தில் ஒரு சதி நடக்கிறது மச்சான். கோப்புகள் திரும்பி வருகின்றன. காணாமல் போகின்றன என்று நான் எழுதவில்லை, தயவுசெய்து மறுபடி படியுங்கள். காணாமல் போனவை திரும்பி வருகின்றன.

எங்கள் குடிநீர் வாரியத்தின் நூலகம், ஆவணக் காப்பகம், பதிவேட்டுப் பிரிவு மூன்றும் என் பொறுப்பில் இருக்கின்றன என்பதை உங்கள் தங்கை பெருமையாகச் சொல்லியிருப்பாள், அல்லது சொல்லாமலும் இருந்திருப்பாள். அங்கே ஒரு கோப்பை யாராவது எடுத்துப் போனால் அந்த இடத்தில் எடுத்தவர் பெயரோடு ஒரு மஞ்சள் அட்டை நிற்கும். தேடியும் கிடைக்காத கோப்பு என்றால் மஞ்சள் அட்டையை எடுத்துவிட்டு, 'காணவில்லை' என்று அச்சடித்த சிவப்பு அட்டையை என் கையெழுத்தோடு வைப்போம். சிவப்பு அட்டை நானே யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு. கோப்பு காணாமல் போவது வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். கோப்பு இருந்தால் யாராவது ஒருவர் முடிவெடுத்துத் தொலைக்க வேண்டும். சிவப்பு அட்டை இருந்தால் எல்லோரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேரலாம். இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், திடீரென்று ஒரு நாள் சந்தைத் தெருக் குழாய் வரைபடம் தன் அலமாரியில், தன் அடுக்கில், தன் எண்ணுக்கு நேராக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. சிவப்பு அட்டையைக் காணவில்லை.

அந்த வரைபடம் இல்லாததால் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பொறியாளர்கள் சந்தைத் தெருவை வருஷக்கணக்கில் அங்கங்கே தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால்வு தெருவிலேயே இல்லை, எங்கள் அலுவலக வாகனக் கொட்டகைக்கு அடியில் இருக்கிறது. தலைமைப் பொறியாளர் படியிறங்கி என் அறைக்கே வந்துவிட்டார். "இத்தனை நாளா இது எங்க சார் இருந்துச்சு?" என்றார். "இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்துச்சு, தேடுறவங்க ஒழுங்காத் தேடல" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டேனே ஒழிய, அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மீதமிருந்த சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அடுத்து ஒரு பழைய ஒப்பந்தக் கோப்பு வந்தது, அடுத்து யாரோ ஒருவர் மேல் போட்ட விசாரணைக் கோப்பு, அப்புறம் தினம் ஒன்று. ஒரு நாள் காலையில் என் மேசைமேல், அதுவரை பிடுங்கிய சிவப்பு அட்டைகளை எல்லாம் அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. இதற்குப் பேர் மிரட்டல் இல்லாமல் வேறென்ன?

இதைவிடப் பெரிய சங்கடம் பம்பு ஓட்டுநர் விஷயம். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பணிப் பதிவேடு கிடைக்காததால் ஓய்வூதியம் முடிவாகாமல், மாதா மாதம் வந்து என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "கெடச்சுதாங்களா?" என்பார். "தேடிக்கிட்டே இருக்கோம்" என்பேன். எங்களுக்குள் அதற்குமேல் பேச்சு வளர்ந்ததில்லை. போன வாரம் அந்தப் பதிவேடும் அலமாரியில் வந்து நின்றுவிட்டது. அவரை வரச்சொல்லிக் கையில் கொடுத்ததும் மனுஷன் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். நானும் எழுந்து வாசல்வரை போய் அவரை வழியனுப்பினேன், மறைப்பானேன். ஆனால் அவர் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். இவ்வளவு சரியாக, வாரியக் குழு வரப்போகும் நேரம் பார்த்து, இந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தவர் யார்? இதனால் யாருக்கு லாபம்?

லாபம் யாருக்கு என்று கேட்டால் விரல் ஒரே ஆளைத்தான் காட்டுகிறது. மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து நிரந்தரத் தலைவர் பதவி ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள். இன்று வரை நான் பொறுப்பு வகிக்கிறேன், அவ்வளவுதான். வரும் திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்கிறது. போட்டியில் இருப்பது நானும், நூலகத்திலிருந்து வந்த என் துணை அலுவலரும். அந்த அம்மா எதற்கெடுத்தாலும் சிரித்த முகம். எந்தக் கோப்பைக் கேட்டாலும் எழுந்து போய் எடுத்து வந்துவிடுகிறார், தேடுவதாகக் கூடக் காட்டிக்கொள்வதில்லை. ஆவணத் துறையில் இருப்பவர் அப்படி இருக்கலாமா? "கோப்பெல்லாம் வர ஆரம்பிச்சிருக்கே, பாத்தீங்களா?" என்று ஆழம் பார்த்தேன். "நல்லதுதானே சார்" என்றார். குற்றமற்றவர் எவராவது இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்வாரா, நீங்களே சொல்லுங்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. உலகத்தில் உள்ள காப்பகங்களில் எல்லாம் வெளியே போகிறவர் பையைத்தான் சோதிப்பார்கள். உள்ளே வருகிறவர் பையைச் சோதிக்க உத்தரவு போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வாசலில் காவலாளி ஒவ்வொருவரையும் நிறுத்திப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். துணை அலுவலரின் பையில் ஒரு சீப்பும், அவர் மகளின் ஒற்றைக் காலுறையும், கடித்து வைத்த பென்சிலும் இருந்தன. அம்மா முகம் சுளிக்கவில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. காவலாளி பழக்க தோஷத்தில் என் பைக்கும் கையை நீட்டினார். "என்னையுமா?" என்று ஒரு பார்வை பார்த்தேன், சலாம் போட்டு ஒதுங்கிவிட்டார். அன்றைக்கு வெயிலில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கவே முடியவில்லை, அவ்வளவு கனம். உங்கள் தங்கை இப்போதெல்லாம் சாப்பாடு தாராளமாக வைக்கிறாள்.

எங்கள் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதால் அவருக்கு மௌனம் என்றே பெயர் வைத்துவிட்டோம். என் சாப்பாட்டுப் பையை வாங்கி வைப்பது, பாத்திரத்தைக் கழுவித் தருவது, கோப்புகளை அடுக்குவது எல்லாம் அவர்தான். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தேன். "வெளியாள் யாராவது கோப்பு கொண்டுவந்து வைக்கிறாங்களா?" என்றேன். "வெளியாளு யாரும் கொண்டாரல சார்" என்றார். ஆக, உள்ளாள்தான். எனக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

எனவே நேற்று மாலை வீட்டில் உட்கார்ந்து இயக்குநருக்கு ஒரு புகார் எழுதினேன். முதல் பக்கத்தில், காணாமற்போன கோப்புகள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன என்ற விவரம், பம்பு ஓட்டுநர் உட்பட. இரண்டாம் பக்கத்தில், இதன் பின்னணியில் இருக்கும் கை எது, நோக்கம் என்ன என்பதோடு, துணை அலுவலரை உடனே ஊர் எல்லையில் இருக்கும் நீரேற்று நிலையக் கிடங்குக்கு மாற்ற வேண்டும் என்ற வேண்டுகோள். அங்கே போனால் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு மகளைக் கூட்டிவர முடியாதே என்பார். அதை அவர் என் நாற்காலிமேல் கண் வைக்கும் முன்பு யோசித்திருக்க வேண்டும். வீட்டுப் பசையை நான் நம்புவதில்லை, ஆகவே கவரை ஒட்டாமல் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப்போய், அலுவலகத்தில் ஒட்டி, இன்று காலை இயக்குநரின் உதவியாளர் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டேன். விசாரணை வைத்தால் நான் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று உங்கள் அனுபவத்தில் ஒரு வழி சொல்லுங்கள். மாற்றல் உத்தரவு திங்கட்கிழமைக்குள் வந்துவிட்டால் எனக்குப் போதும்.

கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் நீண்ட காலம் சௌக்கியமாக வாழ ஆசீர்வதிக்கிறேன்.

எப்போதும் விழிப்புடன்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை உடனே தபாலில் சேர்க்காதது நல்லதாயிற்று. மேலே உங்கள் கண்ணைப் பற்றியும் அண்ணியைப் பற்றியும் எழுதியதைத் தவிர வேறு எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

இன்று இயக்குநரிடமிருந்து குறிப்பு வந்தது. "மிக்க மகிழ்ச்சி. இரண்டாம் பக்கம் இணைக்கப்படவில்லை எனினும் விஷயம் தெளிவாக இருக்கிறது. இக்கோப்புகள் திரும்பக் காரணமானவரைத் திங்கட்கிழமை குழுவின் முன் அழைத்து வரவும். பாராட்ட விரும்புகிறோம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கம் எங்கே போயிற்று என்று தலை தெறிக்க வீட்டுக்கு ஓடிவந்து உங்கள் தங்கையைக் கேட்டேன். அவள் அசையவே இல்லை.

"நான்தான் எடுத்து வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு உங்கள என்ன பண்ணிச்சு? கோப்பெல்லாம் அனுப்பினது நான்" என்றாள்.

"நீயா? யார் கையில அனுப்பின?"

"உங்க கையிலதான். பையில அடியில கோப்பு, மேல சாப்பாடு. நீங்க ஒரு நாள் கூடப் பாக்கலன்னா நான் என்ன பண்றது?"

பின்னறையில் கிடந்தவை அவைதானாம் மச்சான். நிதானமாகப் பார்க்கலாம் என்று அவ்வப்போது வீட்டுக்கு எடுத்து வந்தவை. எனக்கு அறவே மறந்துபோயிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நாளைக்குப் பாக்கலாம்பீங்க. கல்யாணமான நாள்லேருந்து அதத்தான் சொல்றீங்க. எங்கண்ணன் கண்ணுல கட்டோட வந்து எங்க படுப்பாரு?" என்கிறாள். நாளைக்கு மௌனத்தைக் கூப்பிட்டு, ஏனய்யா சொல்லவில்லை என்று கேட்கலாம். ஆனால் அவர் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே கேட்கிறது. கொண்டுவந்தது நீங்கள்தானே சார் என்பார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பம்பு ஓட்டுநரின் பணிப் பதிவேடு பின்னறை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்ததாம். மேசை ஏன் ஆடுகிறது என்பது தெரிந்துவிட்டது. அவர் என்னை நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனது நினைவுக்கு வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் கொடு, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். உள்ளே போய், என் சட்டைப் பையில் இருந்த ஒரு சிவப்பு அட்டையை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். 'காணவில்லை' என்ற எழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்து. "கோப்பெல்லாம் எங்க இருந்துச்சுன்னு திங்கக்கெழம நீங்களே சொல்லிடுங்க, இல்லன்னா நான் வந்து சொல்றேன். அவங்கதான் ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்களே" என்கிறாள். நானே சொல்லிவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். உண்மையிலேயே சொல்லப்போகிறேன் மச்சான், நாற்காலி அந்த அம்மாவுக்கே போகட்டும். ஆனாலும் உங்கள் தங்கை நல்ல புடவை ஒன்றை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டிருக்கிறாள். என் பேச்சில் அவளுக்குச் சந்தேகமாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது வந்து சேருங்கள். பின்னறையில் இப்போது இரண்டு கட்டில் போடலாம். ஒன்று எனக்குத் தேவைப்படும்.