ஹெட்டி காட்டிய இடது பக்கம்

முன் சக்கரம் இரண்டும் ஓடைச் சேற்றில் இறங்கியதும் வெசல் புரூவர் இன்ஜினை அணைக்கவில்லை. சிரித்தார்.

"ஒண்ணுமில்ல. இந்த வண்டிக்கு இதெல்லாம் சும்மா."

பக்கத்து சீட்டில் மகள் மார்லீஸ். அவள் மடியில் நீல நிற ரஸ்க் டின். டின்னுக்குள் அவள் அம்மா.

ஹெட்டி போய் நாலு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது இதுதான்: "என் சாம்பலை அந்தக் காட்டுப் பாதையில விட்டுடுங்க. நான் சந்தோஷமா இருந்த இடத்துல." எந்த இடம் என்று வெசல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, மலை உச்சிதான். பிரிட்டோரியாவிலிருந்து இருபது வருஷமாக, லீவு கிடைத்த வார இறுதியிலெல்லாம் கூட்டிக்கொண்டு வந்த உச்சி. எரித்த இடத்தில் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா அவளுக்குப் பிடிக்காது என்று ரஸ்க் டின்னுக்கு மாற்றியதும் அவர்தான்.

மார்லீஸுக்கு நாளைக் காலை ஆஸ்திரேலியாவுக்கு விமானம். இன்றைக்கு உச்சி ஏறினால்தான் அம்மாவை வழியனுப்ப முடியும்.

"வலது பக்கம் நல்ல கல்லுத் தரை இருக்கேப்பா. ஏன் இந்தப் பக்கம் விட்டீங்க?"

"இங்க இடதுதான். உங்கம்மா முன்னாடி இறங்கி நின்னு கை காட்டுவா. இடது, இன்னும் கொஞ்சம் இடதுன்னு."

"அப்பவும் மாட்டிக்குவீங்களா?"

"எப்பவாவது."

"ஒவ்வொரு தடவையும்னு அம்மா சொன்னாங்க."

வெசல் இறங்கி, சேற்றில் பிடி கிடைக்கட்டும் என்று நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். வண்டி ஒரு சாண் தாழ்ந்து உட்கார்ந்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கினார். வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. கைப்பிடி மட்டும் சேற்றுக்கு வெளியே தெரிந்தது.

"இறங்கித் தள்ளும்மா."

மார்லீஸ் டின்னை எங்கே வைப்பது என்று பார்த்தாள். சீட்டில் வைத்தால் உருண்டுவிடும். பின்பக்கம் கொண்டுபோய், பாத்திரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வந்து தள்ளினாள். முட்டி வரைக்கும் சேறு ஏறியதுதான் மிச்சம்.

"யாரையாவது கூப்பிடலாம்ப்பா."

"இந்தப் பள்ளத்துல போன் எடுக்காது. பயப்படாத, டிராக்டர் வரும்."

"கூப்பிடாம எப்படி வரும்?"

"சும்மா அந்த வழியா வரும். மாட்டின ஒரு மணி நேரத்துல யாராவது வந்துடுவாங்க. இருபது வருஷமா அப்படித்தான். எனக்கு அப்படி ஒரு ராசி."

ஒரு மணி நேரம் ஆனது. ஒரு கழுகு மட்டும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

வெசல் முன் பம்பரிலிருந்து இரும்புக் கயிற்றை இழுத்து, கரையில் நின்ற முள் மரத்தில் கட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்சை ஓடவிட்டார். கயிறு விறைத்தது. வண்டி அசையவில்லை. மரம்தான் கிளம்பி வந்தது. வேரோடு வந்து பெரிய சத்தத்தோடு பானெட்டின் மேல் படுத்தது.

"ராசி வந்துடுச்சுப்பா," என்றாள் மார்லீஸ்.

"கிண்டல் பண்ணாத. சக்கரத்துக்குப் பிடி இல்ல, அவ்வளவுதான். நேத்து அடுப்புச் சாம்பல் இருக்குல்ல, அதைப் போட்டா கப்புன்னு பிடிக்கும்."

முந்தின ராத்திரி அடிவாரத்தில் கூடாரம் போட்டு, ஆட்டுக்கறி சுட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். அடுப்புச் சாம்பலைக் காட்டில் கொட்டக் கூடாது, அள்ளி வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே எல்லாருக்கும் அதுதான் வழக்கம். காலையில் ரஸ்க் தீர்ந்ததும், காலியான டின்னில் அள்ளிப் பாத்திரப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஹெட்டி வாங்கின ஜோடி டின்னில் அது இன்னொன்று. அதுவும் நீலம்.

வெசல் பாத்திரப் பெட்டியைத் திறந்தார். கைக்கு வந்த நீல டின்னை எடுத்தார். இரண்டு முன் சக்கரத்துக்கும் சரிபாதியாக, ஒரு துளி மிச்சமில்லாமல் தட்டிக் கொட்டினார்.

ஏறி உட்கார்ந்து ஒரே மிதி. சக்கரம் பிடித்தது. வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளி, மார்லீஸின் நெற்றியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் சாம்பல் சேற்றை வாரி அடித்துவிட்டு, கதவு வரைக்கும் இறங்கி நின்றது.

முகத்தைத் துடைக்கத் துணி எடுக்கப் போன மார்லீஸ் பெட்டியைப் பார்த்தாள். அங்கே ஒரு டின்தான் இருந்தது. எடுத்து மெதுவாக ஆட்டினாள். உள்ளே எதுவோ கடகடத்தது. திறந்தாள்.

"அப்பா."

"என்னம்மா."

"இதுல ஆட்டெலும்பு இருக்கு."

வெசல் இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து எலும்பைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் துடைக்கக் கொண்டுவந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

கரையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்," என்றார் வெசல். "அவ கேட்டது அது ஒண்ணுதான். கொண்டாந்து சேத்துல போட்டு, மேல வண்டியும் ஏத்திட்டேன்."

மார்லீஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் லெசிபா. ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலம் அவருடையது.

"மரம் விழுற சத்தம் கேட்டுச்சேன்னு வந்தேன். அட, அண்ணனா? ரொம்ப நாளாச்சே. அக்கா எங்க?"

வெசல் சக்கரத்தடியைக் கையால் காட்டினார். லெசிபாவுக்குப் புரியவில்லை. நடந்ததை மார்லீஸ்தான் சொன்னாள்.

லெசிபா தொப்பியைக் கழற்றினார். இறங்கி வந்து சேற்றைப் பார்த்தார்.

"அதான் போனே வரல," என்றார்.

"என்ன போன்?"

"கிளம்புறதுக்கு முந்தின நாள் அக்கா கூப்பிடுவாங்கண்ணே. நாளைக்கு ஓடையில மாட்டிக்குவோம், டிராக்டர் எடுத்துட்டு வான்னு."

"மாட்டப் போறது முந்தின நாளே அவளுக்கு எப்படித் தெரியும்?"

"கை காட்டுறது அவங்கதானே," என்றார் லெசிபா. "ஒண்ணு மட்டும் தவறாம சொல்லுவாங்க: 'சீக்கிரமா வந்துடாத லெசிபா, வண்டி மாட்டினாத்தான் அந்த மனுஷன் என் பக்கத்துல உட்கார்ந்து பேசுறாரு, எனக்கு இந்த ஊர்லயே பிடிச்ச இடம் அந்தச் சேறுதான்.'"