இருப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்ட பாறை

மார்ச் 11, காலை பத்தேகால். அலை முன்னறிவிப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், கடலில் ஒரு பாறை இருப்பதாக ஒருமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

அதுவரை அந்தப் பாறை பல லட்சம் ஆண்டுகளாக எந்த அனுமதியும் பெறாமல் இருந்துவந்தது. எங்கள் கணினி கடலை ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. பாறையின் நீளம் ஐந்நூறு மீட்டர். கட்டத்தைவிடச் சிறியதெல்லாம் தண்ணீரே. அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு காவலரும் நின்றது அவர்களுடைய சொந்தப் பொறுப்பு.

போன வருடம் ஜனவரியில் காவலர் எங்கள் இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தார். பத்திரிகைக் குறிப்பு எழுதும் நானும் அறையில் இருந்தேன்.

“வீட்ல அவளுக்கு இது நிறைமாசம் சார். படகு அனுப்புங்க.”

“அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினா படகு விடக் கூடாது. உங்க இடத்துல ஒண்ணு புள்ளி ஆறு.”

“தினமும் இதையே சொல்றீங்க. பாறை மறைச்சுக்கிட்டு நிக்குது சார். இந்தப் பக்கம் தண்ணி தட்டுல ஊத்தி வச்ச மாதிரி கிடக்குது.”

“எந்தப் பாறை?”

“நான் நிக்கிற பாறை!”

“நீங்க கடல்ல நிக்கிறீங்க,” என்றார் இயக்குநர் பரிவுடன். “ஜாக்கிரதையா இருங்க.”

“சாப்பாட்டு மூட்டை போட வர்ற ஹெலிகாப்டர்லயாவது ஏத்திக்கச் சொல்லுங்க.”

“அதுக்குப் போட மட்டும்தான் உத்தரவு. எடுக்க இல்ல.”

இயக்குநர் இரக்கமற்றவர் அல்லர். அன்றே ‘சிறு தடைகள் ஆய்வுக் குழு’ அமைத்தார். பாறையை நேரில் பார்த்து உறுதிசெய்வது என்று குழு முடிவெடுத்தது. அலை ஒன்று புள்ளி ஆறு என்பதால் படகு கிடைக்கவில்லை. மாதந்தோறும் முயன்று, மாதந்தோறும் சற்றும் தளராமல் தள்ளிவைத்தது.

மார்ச் கூட்டத்தில் கணினிப் பிரிவுப் பெண் வாய் திறந்தாள். “சார், இதுக்குன்னே மென்பொருள் இருக்கு. கட்டத்துக்குள்ள அடங்கிப்போற பாறை, தீவு எல்லாம் எவ்வளவு அலையைத் தடுக்கும்னு வரைபடத்தைப் பார்த்து அதுவே கணக்குப் போட்டுடும். போன வருஷமே சொன்னேனே.”

“எவ்வளவு நாளாகும்?”

“நாலு நிமிஷம்.”

அலையில் பத்தில் ஒரு பங்கைப் பாறை தடுப்பதாக மென்பொருள் சொன்னது.

“அப்போ பத்து சதவீதம் பாறை,” என்று இயக்குநர் கையெழுத்திட்டார். “மிச்சம் பழையபடி தண்ணிதான்.”

அதுவே போதுமானதாக இருந்தது. முன்னறிவிப்பு ஒன்றரைக்குக் கீழே இறங்கியது. நான்கே நிமிடத்தில் ஒரு பாறையை உண்டாக்கிய முதல் அலுவலகம் எங்களுடையது என்று நான் பத்திரிகைக் குறிப்பு எழுதினேன்.

மறுநாள் படகு போய்க் காவலரை ஏற்றிவந்தது. பாறைப் பக்கம் கடல், கடந்த பதினான்கு மாதங்களாக இருந்தபடியே அமைதியாக இருந்தது. அவரை அழைத்துப்போகக் கரைக்கு, அவர் இதுவரை பார்த்திராத மகள் நடந்தே வந்திருந்தாள்.