வெண்சக்கரச் சங்கத்தின் தேய்மானம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதைத் துடைக்கவும் வேண்டும் என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் மலையூரான கொச்கோரின் ‘வெண்சக்கரச் சங்கத்தை’யே சேரும். இடைப்பட்ட காலத்தில் மனிதர்கள் சக்கரத்தை வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், வேறென்ன தெரியும் அவர்களுக்கு?

நான் அச்சங்கத்தின் செயலாளர். நூலகத்தில் வேலை பார்ப்பவள். கையெழுத்து நன்றாக இருக்கும். பதவிக்கு வேறு தகுதி கேட்கவில்லை. தலைவர் துர்குன்பாய், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். சங்கத்தின் கொள்கையை அவர் ஒரே வரியில் வகுத்திருந்தார்: “தேய்க்கறதுலதான் மானம் இருக்கு. அதனாலதான் அதுக்குத் தேய்மானம்னு பேரு.” கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கைதட்டல் என்று குறிப்பேட்டில் எழுதியதும் நான்தான்.

போட்டிமுறை மிக நேர்மையானது. மோட்டார் பைக்கை வெள்ளைக் கம்பளத்தில் நிறுத்துவோம். முன்காலத்தில் எங்கள் அரசர்களான கான்களை அப்படிப்பட்ட கம்பளத்தில் உட்காரவைத்துத் தூக்கித்தான் முடிசூட்டினார்கள். துணைத்தலைவர் சமாகன் ஒரு வெள்ளைக் கம்பளித்துண்டால் அலாய் சக்கரத்தின் ஒவ்வொரு ஆரத்தையும் தடவுவார். துண்டு வெள்ளையாகவே இருந்தால் பத்து மதிப்பெண். அதிக மதிப்பெண் பெற்றவர் அந்த ஆண்டின் ‘சக்கரவர்த்தி’.

தொடர்ந்து பதினோரு ஆண்டுகள் பூஜ்யம் வாங்கியவர் ஒருவர் உண்டு. ஜோல்தோஷ். என் அண்ணன். எங்கள் ஊரில் அண்ணனைப் ‘பைக்கே’ என்று கூப்பிடுவோம். அவருக்கு அந்தப் பெயர் இரட்டிப்பாகப் பொருந்தியது. மேய்ச்சல் மலைகளில் கூடாரம் போட்டிருப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோவது அவர் வேலை. அதாவது, வண்டியை ஓட்டுகிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

“நானும் கழுவுறேனே தலைவரே,” என்பார். “சோப்புத் தண்ணி, பழைய பல் பிரஷ். சக்கரம் ஆறினப்புறம்தான் தண்ணி ஊத்துவேன். கழுவறப்பவே எங்கயாச்சும் விரிசல் இருக்கான்னு விரலால தடவிப் பாப்பேன்.”

“விரிசலைப் பாக்குறவன் பளபளப்பைப் பாக்க மாட்டான்,” என்றார் தலைவர். அதையும் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் ஆண்டில் தலைவர் ஒரு மகத்தான ஆய்வுமுடிவை வெளியிட்டார். சோப்பு அந்நியப் பொருள். நம் ஆட்டு வால்கொழுப்புக்கு ஈடான மெருகு உலகில் இல்லை. நாற்பது ஆண்டுகள் ஆடுகளைப் பார்த்தவர் சொன்னால் யார் மறுப்பது? ஆடுகளும் மறுக்கவில்லை.

அண்ணன் மட்டும் எழுந்தார். “தலைவரே, கொழுப்பு பிரேக் டிஸ்க்ல படுமே.”

“படட்டும். அதுவும் பளபளக்கட்டும்.”

“பளபளத்தா நிக்காதே!”

“இது துடைக்கிற சங்கம் தம்பி, நிக்கிற சங்கம் இல்ல.”

“தேய்மானம் போதும் தலைவரே. கொஞ்சம் பிடிமானமும் வேணும்.”

சபை சிரித்தது. ‘பிரேக் குறித்த கேள்வி பொருளுக்கு அப்பாற்பட்டது’ என்று எழுதினேன். அழகான வாக்கியம். அப்போது அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அடுத்த தீர்மானம் இன்னும் உயர்ந்தது. ஆண்டுப் பயணம் சோங் ஏரிக்கு. ஆனால் கணவாய்ப் பாதை முழுக்கப் புழுதி. பயணம் போனால் சக்கரம் அழுக்காகும், போகாவிட்டால் பயணமாகாது. துணைக்குழு மூன்று கூட்டம் போட்டு வழி கண்டது: வண்டிகளை லாரியில் ஏற்றுவது, உச்சியில் இறக்கிக் கொழுப்புத் தேய்ப்பது, பரிசு கொடுப்பது, பிறகு ஏரிவரை ‘வீர ஊர்வலமாக’ இறங்குவது.

லாரியில் அண்ணன் தன் வண்டியைப் பிடித்தபடி முணுமுணுத்தார். “பெர்மெத், குதிரையைத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் கதை மாதிரியில்ல இருக்கு?”

“சும்மா இரு பைக்கே. இந்த வருஷமும் பூஜ்யம்னா பேரை எடுத்துருவாங்களாம்.”

“எடுத்தா எடுக்கட்டும்.”

“எனக்கு மானக்கேடா இருக்காதா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். குறிப்பேட்டில் இல்லாத உரையாடல் இது ஒன்றுதான்.

உச்சியில் காற்று வெயிலையே தள்ளிக்கொண்டு போனது. தலைவர் தம் திருக்கரத்தால் அண்ணனின் இரு சக்கரங்களுக்கும் கொழுப்புத் தேய்த்தார். ஆரம், விளிம்பு, டிஸ்க், எதையும் விடவில்லை. பிறகு எல்லோரும் உள்ளங்கை விரித்து ஆசி கூறி முகத்தைத் தடவிக்கொண்டோம். சமாகன் கம்பளித்துண்டால் தடவினார். வெள்ளை! பதினோரு பூஜ்யங்களுக்குப் பின் முதல்முறையாக அண்ணன் சக்கரவர்த்தி.

அண்ணன் குனிந்து டிஸ்க்கை விரலால் தொட்டார். “பெர்மெத், உன் கைத்துணியைக் குடு.”

“எதுக்கு?” என்றார் தலைவர்.

“டிஸ்க்கை மட்டும் துடைச்சுக்கறேன்.”

“ஆசி சொன்ன கொழுப்பைத் துடைப்பியா? பெரியவங்க வாயில ஊட்டின வால்கொழுப்பைத் துப்புவியா நீ?”

எங்கள் பக்கத்தில் விருந்துகளில் பெரியவர்கள் தம் கையால் வால்கொழுப்பு ஊட்டுவது ஆசியாகும். பெரியவர்கள் ஊட்டிய கொழுப்பைத் துப்பிய ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

“துடைக்காதே தம்பி. ஆசி போயிரும்,” என்றார் சமாகன்.

துணி என் கையில்தான் இருந்தது. “எல்லாரும் பாக்கறாங்க பைக்கே,” என்றேன். “கீழ போய்த் துடைச்சுக்கலாம்.”

அவர் சிரித்தார். “சக்கரவர்த்திக்கே ஒரு துணி கிடைக்கல பாரு!”

முதலில் இறங்கும் உரிமை சக்கரவர்த்திக்கு. “பாதை வெளுக்கட்டும்!” என்று வழக்கமான வழியனுப்பு வாழ்த்தை எல்லோரும் கத்தினோம். வண்டி புறப்பட்டது. வெயிலில் சக்கரங்கள் இரண்டு நிலாப் போல மின்னின. முதல் வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை.

வண்டி புல்சரிவில் சறுக்கி ஒரு புதரில் மெத்தென்று சாய்ந்திருந்தது. அண்ணன் அதற்கும் கீழே, பாறைகளில் கிடந்தார்.

அண்ணனுக்கான நாற்பதாம் நாள் நினைவுச் சோறு முடிந்த மறுநாள் விசாரணைக் கூட்டம் நடந்தது. வண்டியைச் சங்க அறைக்குக் கொண்டுவந்து கம்பளத்தில் நிறுத்தினார்கள். சமாகன் முறைப்படி தடவினார். தலைவர் குனிந்து பார்த்து நெகிழ்ந்துபோனார்.

“பாத்தியா தங்கச்சி? ஒரு கீறல் இல்ல!”

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. சக்கரங்கள் குற்றமற்றவை. மரணத்துக்குக் காரணம், அளவுக்கு மீறிய பளபளப்பால் விழுந்த கண்ணேறு. இனி கொழுப்புத் தேய்த்த பின் சக்கரங்களுக்குக் கண்ணேறு கழிக்கும் அர்ச்சா மரப் புகையும் காட்டப்படும். சக்கரவர்த்திப் பட்டம் மறைந்தவரிடமே நிலைக்கும். சான்றிதழ் தங்கையிடம் ஒப்படைக்கப்படும்.

“வண்டி எந்த நிலையில இருக்குன்னு கடைசியா ஒரு வரி எழுதிரு,” என்றார் தலைவர். “எல்லாம் பத்திரமா இருக்குன்னு பதிவாகணும்.”

எழுதினேன்: ‘சக்கரம் இருக்கிறது. பைக் இருக்கிறது. பைக்கே இல்லை.’

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“இல்லையா? இதோ பளபளன்னு நிக்குதேம்மா! எழுத்துப் பிழை விழுந்துருச்சு. அதைத் துடைச்சிரு.”

கணவாய் உச்சியில் துடைக்காதே என்றவர்கள் துடைக்கச் சொன்னது அந்த ஒரு வரியைத்தான். துணி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.