மாப்பிள்ளை அவர்கள் வேனை வந்து எடுத்துக்கொள்ளவும்

திருத்தங்கல்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சைஃபுல்லா அவர்களுக்கு மாமா சம்சு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக. கோயம்புத்தூரில் நீங்களும் மகள் மஹ்ரீனும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் நடுவிலேயே ‘விடுங்க மாமா, பார்த்துக்கலாம்’ என்று சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாது என்பதால் எழுதுகிறேன். விஷயம் இதுதான். எங்கள் வீட்டு வளவில் நீங்கள் நிறுத்திவிட்டுப் போன வேனை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

கட்டில், அடுப்பு மேடை, ஜன்னல் திரை எல்லாம் வைத்து அந்தப் பழைய வேனை ஓடுகிற வீடாக மாற்றினீர்கள். கொடைக்கானலுக்கு ஒரே ஒரு தடவை போய்வந்தீர்கள். பிறகு, விருதுநகர் ஜில்லாவில் மழையே கிடையாது, இங்கே நின்றால் துருப்பிடிக்காது என்று சொல்லி விட்டுப்போனீர்கள். தாங்கள் சொன்னபடியே மழை வரவில்லை. ஆனால் உங்கள் மாமி சாலிஹா வேனின் பின்பக்கத்திலிருந்து முருங்கைமரத்துக்குக் கொடி கட்டிவிட்டாள். தினமும் ஈரத்துணி சொட்டிச் சொட்டி சைலன்சர் அப்பளமாகிவிட்டது.

துணி காயப்போட்டாலும் அவளுக்கு அந்த வேன்மேல் ஓர் ஆசை இருந்தது. கடற்கரைக்குப் போய் அதில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற இந்த ஊரில் பிறந்தவளுக்கு வெடிச்சத்தம் பயமில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம், இது சோதனைக்குப் போட்ட வெடியா, வேறு ஏதாவதா என்று கையிலிருப்பதை வைத்துவிட்டு நின்று கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் அலுப்பு என்பாள். அப்படி நிற்காமல் ஒரு ராத்திரி போதும் என்றாள். மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். காலமெல்லாம் காலண்டர் ஆர்டர் பிடித்தே திரிந்தவன் நான்; ரிட்டயர் ஆனபிறகு கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, வீடியோ பார்த்து நானே சைலன்சர் மாற்ற இறங்கினேன்.

வீடியோவில் அந்தத் தம்பி, துருப்பிடித்த போல்ட்டைச் சூடுகாட்டிக் கழற்றுங்கள், இல்லையென்றால் கிரைண்டர் வைத்து அறுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவர் எந்த ஊரோ, கொடுத்துவைத்தவர். நம் சுவருக்கு அந்தப் பக்கம் காளிராஜ் அண்ணாச்சியின் குடோன் இருக்கிறது; பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அட்டைக்குழாய் கூரைவரை அடுக்கியிருக்கிறது. கிரைண்டரை நான் கையில் எடுத்ததுமே அவர் தலை சுவருக்கு மேல் வந்துவிட்டது. ‘பாய், வேற எதுன்னாலும் செய்ங்க, தீப்பொறி மட்டும் வேணாம்’ என்றார். ஆகவே பாயை விரித்து, வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய் விட்டு விட்டு, ஆக்சா பிளேடால் கையாலேயே அறுத்தேன். துரு முழுக்க என் வாயிலும் தாடியிலும் விழுந்தது. மூன்றாவது பிளேடு ஒடிந்தபோது கட்டைவிரலும் உடன் போனது. கடைசியில் பழைய சைலன்சர் தானாக மனமிரங்கி என் நெஞ்சின்மேல் விழுந்தது. விருதுநகரில் வாங்கிவந்த புதுசை மாட்டப் பார்த்தால் ஒரு சாண் நீளம் கூட. அதைக் கடையில் மாற்றப் போவதற்குள், இவ்வளவு நாள் நின்ற இஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று, சைலன்சரே இல்லாமல் சாவியைத் திருப்பினேன்.

வெடித்தது, மாப்பிள்ளை. இஞ்சினுக்குள் தேங்கிக்கிடந்த பெட்ரோல் ஒரே சத்தமாக வெளியே வந்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது வந்து திட்டியிருப்பார்கள். இங்கே ஒருவரும் திட்டவில்லை. தெரு முழுவதும் வெளியே வந்து, புகை எந்தத் திசையில் என்று வானத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் போனை எடுத்தார்கள். கம்பெனிகளில் ஷிஃப்ட் முடியாத நேரம். என் வண்டிதான், என் வண்டிதான் என்று தெருவில் வீடு வீடாக ஓடிச் சொன்னேன். எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி மட்டும் சோற்றுக்கையோடு செருப்பில்லாமல் மெயின்ரோட்டுக்குப் போய் நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ராஜபாண்டியனுக்கு ஆமத்தூர் ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடித்தாலும் எடுக்க முடியாது. நான் பின்னாலேயே போய் மறுபடி விளக்கினேன். அவள் கோபப்படவில்லை.

“உங்க வண்டின்னு தெரியுது பாய். ஆனாலும் ஆளைக் கண்ணால பாக்கணும்ல?”

அவளோடு நானும் வெயிலில் நின்றேன். சாயங்காலம் கம்பெனி வேன் வந்தது. ராஜபாண்டியன் தூக்குவாளியோடு இறங்கி, ரெண்டு பேரும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்றார். ஒன்றுமில்லை, வெங்காயம் வாங்கி வந்தீர்களா என்று அவரைச் சத்தம் போட்டபடி அவள் வீட்டுக்கு நடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் சாலிஹா கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே இந்த வண்டியில என்னைய ஏறச் சொல்லாதீக. அம்புட்டுப் பேரையும் தெருவுல நிக்க வச்சுட்டு எனக்கென்ன கடக்கரை?”

நியாயம்தானே? ஆனாலும் சரியான அளவில் சைலன்சர் மாற்றி வாங்கிவந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவைவிட்டு அது போகும்போதாவது சத்தமில்லாமல் போகட்டும். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். மதியம் பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. மகளுக்கு என் ஸலாமும் உங்கள் இருவருக்கும் எங்கள் துஆவும்.

இப்படிக்கு,
மாமா சம்சு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடைசி நட்டை முறுக்கி, ஊதுபத்தி புகைகிற மாதிரி வண்டியை ஓடவிட்டேன். டீ கொண்டுவந்த உங்கள் மாமி, எப்பதான் ஸ்டார்ட் பண்ணுவீக என்று கேட்டாள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். நம்பாமல் கிட்டே வந்து கேட்டாள். பிறகு எதிர்வீட்டுக்குப் போய் பாண்டிச்செல்வியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இருவரும் வேனுக்குப் பின்னால் நெடுநேரம் நின்று கேட்டார்கள். எனவே மாப்பிள்ளை அவர்கள் வர வேண்டாம். வந்தால் வீடு பூட்டியிருக்கும். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நாங்கள் இருவரும் எதிர்வீட்டுக்காரர்கள் இருவரும் வேம்பார் கடற்கரைக்குக் கிளம்புகிறோம். பெண்களுக்கு உள்ளே கட்டில், எங்களுக்கு வெளியே பாய். கடல் பார்க்க அவ்வளவு ஆசையா என்று பாண்டிச்செல்வியிடம் கேட்டேன். கடல் கிடக்கட்டும் பாய், ஒரு நாளாச்சும் எங்கன என்ன சத்தம் கேட்டாலும் இந்த மனுசன் என் கண்ணு முன்னால இருப்பாருல்ல என்கிறாள்.