கலப்படமில்லாத சோகம்

மனித சோகத்தைக் கலரில் பார்த்துவிடும் மகத்தான பொறுப்பு 2003-ஆம் ஆண்டு கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருந்த எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் தலையில் விழுந்தது. நான் அங்கே உதவி ஆராய்ச்சியாளன். "மனச்சோர்வும் மூளைப் படமும்" திட்டத்துக்குப் பதினோரு நோயாளிகள் தேறிவிட்டார்கள். பன்னிரண்டாவதாகக் கிடைத்தவர் துறைமுக கிளார்க் சிவலிங்கம். மனைவி தமிழரசி அவரை ஊரின் மறுகோடியில் இருக்கும் பெஹாலாவிலிருந்து இரண்டு பஸ் மாற்றி அழைத்து வந்திருந்தார்.

"சாப்பிட மாட்டேங்கிறாரு, தூங்க மாட்டேங்கிறாரு. ஏதாவது மாத்திரை குடுங்க சார்."

டைரக்டர் சேஷாத்ரி பதறிவிட்டார். "மாத்திரையா! அரை மாத்திரை உள்ள போனாலும் சோகம் கலப்படமாயிடும்மா. வியாழக்கிழமை படம் எடுத்துடலாம். அதுவரைக்கும் சாரை இப்படியே பத்திரமா வச்சுக்குங்க."

வியாழக்கிழமை பந்த். அடுத்து மெஷின் படுத்துவிட்டது. அது எழுந்தபோது துர்கா பூஜா விடுமுறை. மெஷினைத் தவிர ஊரே சாமி பார்க்கப் போயிருந்தது. வாரம் தவறாமல் போன் போட்டு சோகத்தின் "தரத்தை" உறுதிசெய்வது என் வேலை.

"அக்கா, சார் இன்னும் அப்படியேதானே இருக்கார்?"

"நேத்து பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து லேசா சிரிச்சாரு தம்பி."

"ஐயையோ! குழந்தையை உள்ள விடாதீங்கக்கா!"

ஏழாவது வாரம் படம் எடுத்தோம். சிவலிங்கம் கொஞ்சமும் அசையவில்லை; அசைய அவரிடம் தெம்பும் இல்லை. திரையில் நீலமும் ஆரஞ்சுமாக என்ன அழகு!

"பாத்தீங்களாம்மா?" சேஷாத்ரிக்குக் குரல் தழுதழுத்தது. "உங்க வீட்டுக்காரர் நெஜமாவே சோர்ந்து போயிருக்கார்! நிரூபிச்சாச்சு!"

தமிழரசி திரைப்பக்கமே திரும்பவில்லை. "அவர் மிச்சம் வைக்கிற சோத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும் சார். இப்பவாவது மாத்திரை தருவீங்களா?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா. மருந்துக்கு எதிர்க் கட்டடம். தினமும் காலைல பாப்பாங்க."

வெளியே வந்ததும் தமிழரசி எதிர்க் கட்டட வாசலில் நின்றுவிட்டார். "தம்பி, அன்னிக்கு நாங்க சீட்டு வாங்கி உக்காந்திருந்தது இங்கதானே?"

இங்கேதான். மூன்றாவது பெஞ்ச். அவர்களுக்கு முன்னால் இரண்டே பேர். அங்கிருந்து கையைப் பிடித்து அறிவியலுக்கு அழைத்துப் போனது யார் என்பதைப் பிறகு வெளிவந்த எங்கள் ஆய்வுக் கட்டுரை குறிப்பிடவில்லை. என் பெயரை எப்படித்தான் விட்டார்களோ!