பிரியாத சர்க்கரை

சங்கமபுரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே மின்சாரம் கம்பியில் ஓடவில்லை. வாய்க்கால்களில் ஓடிய உப்பு கரைத்த நீரே அதைச் சுமந்து சென்றது. விளக்குகள் எரிந்ததும், பள்ளத்துச்சேரியில் தேங்கும் மழைநீரை இயந்திரம் இறைத்ததும் அதனால்தான்.

ஒருநாள் பெருமந்திரி ஏகநாதர் உப்பைத் தடைசெய்தார்.

"உப்பு நீரில் விழுந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்றுபட்ட நாட்டில் பிரிவினைப் பொருளுக்கு இடமில்லை. இனிச் சர்க்கரை கரைப்போம்" என்று அவையில் முழங்கினார்.

அரசின் வேதியியல் அறிஞர் மாதங்கி எழுந்து விளக்கினாள். சர்க்கரையின் அணுக்கள் மின்துகள்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு பிணைந்தவை. கரைந்தாலும் மூலக்கூறு முழுதாகவே மிதக்கும், மின்னூட்டம் எதையும் சுமக்காது. உப்பிலோ ஓர் அணு மின்துகளைக் கொடுத்திருக்கிறது, மற்றொன்று வாங்கியிருக்கிறது. நீரில் இரண்டும் பிரிந்து எதிரெதிராக நகரும்; அந்த நகர்வே மின்னோட்டம்.

ஏகநாதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவளைப் பதவியிலிருந்து நீக்கினார்.

வீடுவீடாக உப்பு பறிமுதலானது. விளக்குகள் அணைந்தன. இருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்துவது குற்றம் என்று அடுத்த ஆணை வந்தது. சோற்றில் உப்பில்லாமல் மக்கள் மெலிந்தார்கள். வாய்க்காலோரம் எறும்புகள் கொழுத்தன.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இயந்திரம் ஓடவில்லை. மாதங்கி பள்ளத்துச்சேரிக்குப் போனபோது தண்ணீர் இடுப்பளவு நின்றது. மீன் விற்கும் வெள்ளையம்மாள் மகளைத் தோளில் சுமந்து நின்றிருந்தாள்.

"இன்னும் ஒரு சாண் ஏறினா எங்க போவோம்? கரை ஏறக்கூடாதுன்னு காவல் போட்டிருக்காங்களே" என்றாள்.

மாதங்கி நிமிர்ந்து பார்த்தாள். மேட்டின்மீது ஏகநாதரின் அரண்மனை மட்டும் மழை மூட்டத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. பறிமுதலான உப்பு எங்கே போயிற்று என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்றிரவு காவலர் கண்ணில் படாமல் அவளும் சேரிக்காரர்களும் மண்வெட்டிகளோடு அரண்மனை வாய்க்காலின் கரையை வெட்டி, உப்புநீரை இயந்திரத்தின் பக்கம் திருப்பினார்கள். இயந்திரம் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. அரண்மனை அணைந்தது.

மறுநாள் சதுக்கத்தில் விசாரணை நடந்தது. இயந்திரத்தை ஓட்டியது சர்க்கரையே என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு மக்களைப் பிரித்த குற்றத்துக்காக மாதங்கியை முன்னால் நிறுத்தினார்கள். நாடே தன்னோடு நிற்பதை ஊரறியக் காட்ட விரும்பினார் ஏகநாதர்.

"இவளை ஆதரிப்போர் எவரேனும் இருப்பின் இடப்புறம் செல்லலாம்."

மாதங்கி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத சேலையோடு வெள்ளையம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இடப்புறம் நடந்தாள். அவள் பின்னால் ஒரு தச்சர் போனார். அப்புறம் சதுக்கமே மெல்ல நகர ஆரம்பித்தது, காவலர்களில்கூடச் சிலர்.

வலப்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஏகநாதர் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"நில்லுங்கள். இந்த நாட்டில் பக்கங்களே கிடையாது."

யாரும் நிற்கவில்லை.