அரிசிச் சட்டியில் ஒரு மணித் தங்கம்

பாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, ஊசியில் நூல் தீரும்போதெல்லாம் இதை இரண்டு வரி எழுதுகிறேன். அடுக்களையில் அரிசி களைகிற சத்தம் கேட்கிறது. களைவது என் வீட்டுக்காரர். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஆள் அரிசி களைய வந்ததுதான் கதை. வாயால் சொல்ல எனக்குக் கூச்சம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். நடையைப் பார்த்தால் ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி இருந்தது.

"என்னன்னு சொல்லு பாக்கலாம்?"

"மிளகுத் தூளாங்க?"

"தங்கத் தூள்டி! ஆத்து மணல்ல அரிச்சது. கடைக்கு மூக்குக் கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்தாரு. இது சும்மா மாதிரிக்கு. இதே மாதிரி ஒரு பாட்டில் நெறையத் தரேங்கிறாரு."

"பதிலுக்கு?"

தொண்டையைச் செருமினார். அவர் பார்வை மூலையிலிருந்த என் தையல் மிஷின் மேல் போய் உட்கார்ந்தது.

"நீ சரின்னா சாயங்காலம் வந்து எடுத்துக்குவாரு."

அந்த மிஷின் ஓடினால்தான் பாப்பாவுக்குப் பால். ஆனாலும், கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற ஆள் இல்லை அவர். அந்த 'நீ சரின்னா'வுக்காகவே காலமெல்லாம் சுடுசோறு போடலாம்.

எதிர்த்துப் பேச எனக்கு வராது.

"வெயில்ல நல்லா மின்னுதுங்க. கொஞ்சம் உள்ள கொண்டாங்க."

நிழலுக்கு வந்ததும் பாதிக்கு மேல் மங்கிவிட்டது.

"வெளிச்சம் பத்தல," என்றார்.

"என் தோடு நிழல்லயும் மஞ்சளாத்தானே தெரியுது?"

"அது நீ போட்டிருக்கிறதால."

அந்த நேரத்திலும் பாருங்கள்!

"ரொம்ப மண்ணா இருக்குங்க. கழுவித் தரட்டுமா?"

"கழுவு, கழுவு. பளிச்சுன்னு இருக்கட்டும்!"

அரிசியில் கல் அரிக்கிற சட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றிச் சாய்த்தேன். கனமானது அடியில் தங்கும், லேசானது தண்ணீரோடு போகும். மினுமினுப்பெல்லாம் கூட்டமாகக் கிளம்பி விளிம்பைத் தாண்டியது.

"ஐயோ, என் தங்கம் மெதக்குதே! புடி, புடி!"

"தங்கம் மெதக்குமாங்க?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். போனதெல்லாம் காக்காப்பொன், மணலில் மினுக்குகிற வெறும் மைக்காத் தூள். அடியில் கறுப்பு மணலும் கொஞ்சம் மஞ்சள் துணுக்குகளும் மிஞ்சின. "பாத்தியா!" என்று மறுபடி துள்ளினார். ஊசியின் காதுப் பக்கத்தால் ஒவ்வொன்றாக அழுத்தினேன். எல்லாம் நொறுங்கிக் கறுப்புப் பொடியாயிற்று. கடைசி ஒன்று, கடுகில் பாதி இருக்கும், அது மட்டும் நொறுங்காமல் நசுங்கித் தட்டையானது.

"இது தங்கம்ங்க."

"அப்ப பாட்டில்லயும் இருக்குமே!"

"தூண்டில்ல மாட்டுற புழு நெசப் புழுவாத்தாங்க இருக்கும்."

சாயங்காலம் கண்ணாடிக்காரர் வந்தார். "பாட்டிலைக் கொடுங்க சார், வீட்டுல ஒரு தண்ணி கழுவிப் பாத்துடட்டும்," என்றார் இவர். வந்தவர் செருப்பைச் சரியாக மாட்டாமலே போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதோடு விட்டதா? மறுநாள் புது யோசனை.

"அரிக்கிறதுதானே வேலை? கடையை மூடிட்டு நானே ஆத்துக்குப் போறேன்."

"போங்க. ஆனா கை பழக வேண்டாமா? மொதல்ல அரிசியில பழகுங்க. இதுவும் ஆத்துப் பாசனத்துல விளைஞ்சதுதான், யாரு கண்டா?"

அன்று பிடித்த சட்டியை இன்னும் விடவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே களைகிறார். எப்போதாவது சலித்துப்போய் ஆற்றுப் பேச்சை எடுத்தால், டப்பாவில் வைத்திருக்கிற அந்த ஒரே தங்க மணியை எடுத்து அரிசியில் போட்டுவிடுவேன். கண்டுபிடித்துக் கொண்டுவந்து, "டப்பாவுல பத்திரமா வை," என்பார்.

"எல்லாம் ஒரே மாதிரி தட்டையா இருக்கே?" என்று ஒருதரம் கேட்டார்.

"ஒரே ஆத்துத் தங்கம்னா அப்படித்தாங்க."

நம்பிவிட்டார். டப்பா நிறைந்துகொண்டு வருவதாக அவர் நினைப்பு. கடை திறந்திருக்கிறது, மிஷின் ஓடுகிறது, காலையில் எனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. இப்படி ஒரு மனுஷன் வாய்த்ததற்கு நான் தினமும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன். நேற்றுக்கூட ஆற்றுப் பேச்சு வந்தது, அதனால்தான் இன்றைக்கு...

"ஏம்மா! இன்னிக்கும் ஒண்ணு ஆப்டுச்சு! டப்பாவை எடுத்துட்டு ஓடியா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பாத்துடலாம்!"

கூப்பிடுகிறார். டப்பாவில் இப்போது ஒன்றுமே இல்லையே, இருந்த ஒன்றும் அவர் கையில்தானே இருக்கிறது, நான் என்ன சொல்லி...